அமெரிக்கத் தெற்கின் பழைய கிராம வாழ்க்கை அவ்வளவு நிதானமாகவா இருந்தது?

ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி பக்கத்து வயதானவர்கள் எல்லாரும் "எங்கள் காலத்தில் யாருக்கும் அவசரமே கிடையாது" என்று உருகுகிறார்களே, அது நிஜமா, இல்லை வயதானால் எந்த ஊரிலும் சொல்கிற பேச்சுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். நிஜம்தான். ஆனால் அந்த நிதானம் வருடம் முழுக்க இருந்ததில்லை, எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைத்ததும் இல்லை. இந்த ஊர்க்காரர்களோடு வெகுகாலமாகப் பழகியும் இந்தப் பகுதியின் வரலாற்றைத் தேடித்தேடிப் படித்தும் எனக்குத் தெளிவானது இதுதான்: அவர்கள் ஏங்குவது ஊர் முழுக்க ஒரே சமயத்தில் ஓய்வாக இருந்த நாட்களுக்காக. இன்று நமக்கும் லீவு இருக்கிறது, ஆனால் எனக்கு லீவு விடும் நாளில் பக்கத்து வீட்டுக்காரருக்கு வேலை. அந்தக் காலத்தில் பருத்தி எல்லாருக்கும் சேர்த்து லீவு விட்டது.

எந்தக் காலம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று எழுபது, எண்பது வயதில் இருப்பவர்கள் தாங்கள் பார்த்ததையும் தாத்தா பாட்டி சொன்னதையும் கலந்து பேசுவது, ஏறக்குறைய 1900 முதல் 1950கள் வரையிலான வாழ்க்கையைப் பற்றி. 1900-இல் தென் மாநிலங்களில் நகரத்தில் வாழ்ந்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. நகரவாசிகள் பாதியைத் தாண்டியதே 1950-க்கும் 1960-க்கும் இடையில்தான். வடக்கே சிகாகோ, டெட்ராய்ட் எல்லாம் தொழிற்சாலைச் சங்குக்கு எழுந்துகொண்டிருந்தபோது இங்கே பெரும்பாலானவர்கள் பருத்திக்கும் புகையிலைக்கும் கோவேறு கழுதைக்கும் ஏற்றபடி எழுந்தார்கள்.

பருத்தியின் வருடத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகவே புரிந்துவிடும். ஏப்ரலில் விதைப்பார்கள். மே, ஜூன் மாதங்களில் குடும்பம் மொத்தமும், ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் உட்பட, களைக்கொத்து எடுத்துக்கொண்டு நெருக்கமாக முளைத்த செடிகளைக் களைந்து புல்லைக் கொத்துவார்கள், விடியலிலிருந்து இருட்டும் வரை. ஜூலை நடுவில் செடி ஓங்கி வளர்ந்து வரிசைகளுக்கு நடுவே நிழல் விழுந்துவிடும், அதற்குமேல் களை முளைக்காது, கடைசி உழவு ஓட்டிவிட்டு நிலத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். இதை ‘லேயிங் பை’ என்பார்கள். அப்புறம் ஆகஸ்ட் கடைசியில் காய் வெடித்துப் பஞ்சு எடுக்கும் வரை ஐந்தாறு வாரம் நிலத்தில் பெரிய வேலை கிடையாது. ஊரில் எல்லாருக்கும் அந்த ஐந்தாறு வாரம்தான். செப்டம்பரிலிருந்து நவம்பர், டிசம்பர் வரை முதுகு ஒடியப் பஞ்சு எடுக்க வேண்டும், விரல் நுனியெல்லாம் பருத்திக்காயின் முள் கிழித்திருக்கும்.

இன்று தெற்கின் பழைய வாழ்க்கை என்று நினைவில் நிற்கிற இனிமையான விஷயங்களை எடுத்துப் பாருங்கள், பாதிக்குமேல் அந்த ஐந்தாறு வாரத்தில் வந்து விழும். தேவாலயங்களின் எழுப்புதல் கூட்டங்கள், அதாவது பக்தியைத் தூண்டும் பிரசங்கக் கூட்டங்கள், அப்போதுதான், ஒரு வாரம் தினமும் இரவில் நடக்கும். வெளியூர் போன சொந்தபந்தம் திரும்பி வந்து கூடும் ‘ஹோம்கமிங்’ ஞாயிறு, குடும்பச் சந்திப்பு, நாள் முழுக்கப் பாட்டு, தேவாலய வளாகத்தில் மரத்தடியில் நீளமாக மேசை போட்டு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கொண்டுவந்ததைப் பரப்பி வைத்துச் சாப்பிடும் பந்தி, ஓடையில் மீன்பிடிப்பு, உள்ளூர் பேஸ்பால் எல்லாம் அந்த வாரங்களில்தான். பள்ளிக்கூடங்கள்கூடப் பருத்தியைப் பார்த்துத்தான் நடந்தன. பல கிராமங்களில் கோடையில் வேலை இல்லாத வாரங்களில் பள்ளியைத் திறந்து, பஞ்சு எடுக்கும் காலத்தில் மூடிவிடுவார்கள். சில இடங்களில் இது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் தொடர்ந்தது. பெரியவர்களுக்கு ஓய்வும் பெரிய பந்தியும் சொந்தக்காரர்களும் ஒரே நேரத்தில் அமைந்த வாரங்கள் அவை, ஒரு குழந்தையின் மனதில் அதுதான் ‘அந்தக் காலம்’ என்று பதிந்திருக்கும்.

அடுத்தது வெயில். இங்கே ஜூலை, ஆகஸ்டில் காற்று ஈரத்தோடு கனத்துக் கிடக்கும், மதியம் வெளியே நின்று வேலை செய்ய முடியாது. அதனால் வீட்டையே காற்றுக்காகக் கட்டினார்கள். ‘டாக்ட்ராட்’ வீடு என்று ஒரு வகை உண்டு, இரண்டு பக்கமும் ஓர் அறை, நடுவே முன்னும் பின்னும் திறந்த நடைபாதை, எல்லாம் ஒரே கூரையின் கீழ். காற்று அந்த வழியாக ஓடும், வீட்டு நாய்களும் ஓடும், பெயரே அதனால்தான். உயரமான உட்கூரை, தரையிலிருந்து தூக்கிக் கட்டிய அடித்தளம், முன்பக்கம் அகலமான திண்ணைத் தாழ்வாரம். முற்றத்தில் புல் வைக்க மாட்டார்கள். செம்மண் தரையைச் சுள்ளித் துடைப்பத்தால் தினமும் பெருக்கிச் சுத்தமாக வைத்திருப்பார்கள், பாம்பு தெரியும், தீ பரவாது. இந்த வழக்கம் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் கொண்டுவந்தது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தெற்கின் தனி அடையாளம் என்று கொண்டாடப்படுகிற பலவும் அவர்களிடமிருந்து வந்தவை. வெண்டைக்காயும், நம் ஊர்த் தட்டைப்பயறும்கூட இந்த மண்ணுக்கு ஆப்பிரிக்கா வழியாக வந்தவைதான்.

சாயங்காலம் அந்தத் தாழ்வாரத்தில்தான் எல்லாம் நடக்கும். பாட்டி மடியில் ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு பயறு உரிப்பாள், பிள்ளைகள் மின்மினி பிடித்து ஜாடியில் அடைப்பார்கள், வழியில் போகிறவர் நின்று பேசுவார், "ஏறி வந்து உட்காருங்கள்" என்று கூப்பிட்டால் மறுப்பது மரியாதை இல்லை. விடைபெறுவதே அரை மணி நேரம் ஆகும். வீட்டுக்குள் அனல் தாங்காததால் வெளியே உட்கார்ந்தார்கள், வெளியே உட்கார்ந்ததால் பேசினார்கள். 1950களில் ஜன்னலில் பொருத்துகிற மலிவான ஏசி வர ஆரம்பித்து, அடுத்த இருபத்தைந்து முப்பது வருடத்தில் பெரும்பாலான வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. அப்புறம் கட்டிய வீடுகளில் உட்கூரை தாழ்ந்தது, தாழ்வாரம் காணாமல் போனது, ஜன்னல்கள் மூடிக்கொண்டன. இந்த வாழ்க்கை மறைந்ததற்கு ஒரே ஒரு காரணத்தைச் சொல் என்றால் டிராக்டருக்கும் முன்னால் நான் ஏசியைத்தான் சொல்வேன். ஆனால் ஆகஸ்டில் இங்கே ஒரு வாரம் இருந்து பார்த்தவர் யாரும் ஏசியைக் கழற்றச் சொல்ல மாட்டார்.

வேலையின் வேகத்தைக் கழுதைதான் தீர்மானித்தது. இரண்டு கால் மனிதரும் நாலு கால் கோவேறு கழுதையும் சேர்ந்து இருபது, இருபத்தைந்து ஏக்கர் பார்ப்பதுதான் ஒரு குடும்பத்தின் பண்ணை. மதியம் கழுதைக்குத் தண்ணீர் காட்டி நிழலில் கட்ட வேண்டும். அந்த நேரத்தில் மனிதனும் பெரிய சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுத் தாழ்வாரத்துத் தரையில் சாய்வான். இலையுதிர் காலத்தில் இனிப்புச் சோளத்தண்டை ஆலையில் கொடுத்துப் பிழியும்போதும் அதே கழுதை நீளக் கம்பில் கட்டப்பட்டு வட்டமாக நடந்துகொண்டிருக்கும், பச்சைச் சாறு அகலமான கொப்பரையில் மணிக்கணக்காகக் கொதித்துப் பாகாகும், ஒருவர் நுரையை எடுத்துக்கொண்டே நிற்பார், மற்றவர்கள் சுற்றி நின்று பேசுவார்கள். முதல் கடும் பனி விழுந்ததும் பன்றி வெட்டுவது. அதுவும் நாலைந்து வீட்டார் கூடிச் செய்யும் வேலை. குளிர்பதனப் பெட்டி இல்லாததால் பச்சை இறைச்சியைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தே ஆக வேண்டும், மீதியை உப்பிட்டுப் புகைக் கொட்டிலில் தொங்கவிடுவார்கள். அடுத்த வாரம் அவர்கள் வெட்டும்போது நமக்கு வரும். வட கரோலினாவின் புகையிலைப் பகுதியில் இலையைச் சூட்டில் பதப்படுத்தும்போது கொட்டகை அடுப்பை ஐந்தாறு நாள் இரவும் பகலும் ஒரே பக்குவத்தில் வைத்திருக்க வேண்டும். யாராவது ராத்திரி முழுக்க விழித்திருந்து விறகு போடுவார். ஊர்க் கதைகள், பேய்க் கதைகள், பாட்டு எல்லாம் அந்தக் கொட்டகை வாசலில் கைமாறின.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. இனி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் விடுகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு.

முதலில் பெண்கள். திங்கட்கிழமை துணி வெளுக்கும் நாள். கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து, முற்றத்தில் இரும்புக் கொப்பரையில் கொதிக்கவிட்டு, சாம்பல் காரத்தில் வீட்டிலேயே காய்ச்சிய சோப்பைப் போட்டு, துணியைக் கட்டையால் அடித்து, அலசி, பிழிந்து காயப்போட வேண்டும். செவ்வாய்க்கிழமை அனல் கக்கும் விறகடுப்பு பக்கத்தில் நின்று இரும்புப் பெட்டியைச் சூடாக்கித் தேய்க்க வேண்டும், அதுவும் கோடையில். 1930களின் நடுவில் அமெரிக்கக் கிராமத்து வீடுகளில் பத்தில் ஒன்பதில் மின்சாரம் இல்லை, தெற்கில் நிலைமை இன்னும் மோசம். 1933-இல் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையமும் 1935-இல் கிராம மின்மயமாக்கல் நிர்வாகமும் வந்த பிறகுதான், விவசாயிகளே கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கம்பி இழுத்தார்கள். பின்னாளில் ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டர் வளர்ந்த ஜார்ஜியாவின் ஆர்ச்சரி கிராமத்து வீட்டுக்கு, அதுவும் நிலமும் கடையும் வைத்திருந்த குடும்பத்தின் வீட்டுக்கு, மின்சாரம் வந்தது 1938-இல். அந்தப் பண்ணையில் விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மணி அடித்து ஆட்களை எழுப்புவார்கள். தாழ்வாரத்துச் சாயங்காலத்தை நினைக்கிறவர்கள் இந்த மணியையும் நினைக்க வேண்டும்.

அப்புறம் கடன். 1930 வாக்கில் தென் மாநிலப் பண்ணைகளில் பாதிக்கு மேல் சொந்த நிலம் இல்லாதவர்கள் கையில் இருந்தன. அவர்களில் பலருக்கு நிலம், கழுதை, விதை எல்லாம் முதலாளியுடையது, விளைச்சலில் பாதி அவருக்கு. நம் ஊர் வாரச் சாகுபடி போலத்தான். சாப்பாட்டுக்கு மார்ச் மாதத்திலிருந்து கடையில் பற்று எழுதிக்கொள்ள வேண்டும், வட்டி சேரும், விலையே கடனுக்கு வேறு. டிசம்பரில் கணக்குப் பார்ப்பார்கள். நோட்டு முதலாளியிடம், கறுப்பினத்தவரோ ஏழை வெள்ளையரோ அதை எதிர்த்து ஒரு கேள்வி கேட்க முடியாது, வருடம் முழுக்க உழைத்தும் பாக்கி நிற்கிறது என்பார்கள். ‘நிதானம்’ என்று வெளியூர்க்காரன் பார்த்ததில் ஒரு பங்கு, எவ்வளவு ஓடினாலும் கைக்கு ஒன்றும் மிஞ்சாது என்று தெரிந்த மனிதனின் நடை.

இன்னொரு பங்கு நோய். தெற்கத்தியர் சோம்பேறிகள் என்று வடக்கே கேலி செய்துகொண்டிருந்தார்கள். 1902-இல் சார்லஸ் ஸ்டைல்ஸ் என்ற விஞ்ஞானி கொக்கிப்புழுவை அடையாளம் காட்டினார். கழிவறை இல்லாத ஊரில் வெறுங்காலோடு நடந்தால் பாதத்தின் வழியே ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு, ரத்தத்தை உறிஞ்சி ஆளையே சோகை பிடிக்க வைக்கும் புழு அது. எண்ணெய்க் கோடீஸ்வரர் ராக்பெல்லர் 1909-இல் பத்து லட்சம் டாலர் கொடுத்து ஒழிப்பு இயக்கம் தொடங்கினார். சோதித்துப் பார்த்த பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் பேருக்குப் புழு இருந்தது. அத்தோடு பெல்லாக்ரா. மக்காச்சோள மாவும் பன்றிக் கொழுப்பும் பாகும் மட்டுமே தின்று மாதக்கணக்கில் ஓட்டியவர்களுக்குத் தோல் வெடித்து, வயிறு போய், கடைசியில் புத்தி கலங்கும் நோய். ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் 1915 வாக்கில் இது தொற்று இல்லை, சாப்பாட்டுக் குறைதான் என்று நிரூபித்தார், ஆனால் தெற்கின் பெரிய மனிதர்கள் பலர் எங்கள் ஊரில் பட்டினியா என்று கோபப்பட்டார்கள். வெறுங்காலோடு செம்மண்ணில் ஓடிய பிள்ளைப்பருவம் என்று யாராவது எழுதினால் எனக்கு இந்தப் புழு ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

கடைசியாக, எல்லாவற்றையும்விடப் பெரியது, நிறம். கிராமத்துக் கடையின் முன் தாழ்வாரம், அங்கே பாட்டில் மூடிகளை வைத்துச் செக்கர்ஸ் ஆடும் பெரியவர்கள், இந்தப் படத்தை நீங்கள் ஆயிரம் காலண்டரில் பார்த்திருக்கலாம். 1955 ஆகஸ்டில் சிகாகோவிலிருந்து 14 வயது எம்மட் டில் மிசிசிப்பியின் மணி என்ற ஊருக்கு, பாட்டி வழி உறவினரான மோஸ் ரைட் வீட்டுக்கு, விடுமுறைக்கு வந்தான். அப்படி ஒரு கடைக்குப் போய்வந்த சில நாளில், கடை நடத்திய வெள்ளைப் பெண்ணிடம் மரியாதைக் குறைவாக நடந்தான் என்று சொல்லி ராத்திரி வீடு புகுந்து தூக்கிக்கொண்டுபோய்க் கொன்றார்கள். அதே ஆகஸ்ட், அதே விருந்தாளி வரும் காலம். இன்னும் பின்னால் போனால், அடிமைத் தோட்டங்களின் ‘நிதானமான கனவான் வாழ்க்கை’ என்ற கதை, அடிமைமுறையை ஒழித்த 1861-65 உள்நாட்டுப் போருக்குப் பிறகு வேண்டுமென்றே வளர்க்கப்பட்டது. அந்தத் தோட்டங்கள் மணியும் கடிகாரமும் கங்காணியும் வைத்து மிகக் கறாராக நடந்தவை. முதலாளி மெதுவாக இருந்தார், ஏனென்றால் மற்றவர்கள் ஓடினார்கள்.

அப்படியானால் இந்த ஏக்கம் வெள்ளையர்களின் கற்பனைதான் என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். அது சரியில்லை என்பது என் கருத்து. 1910 முதல் 1970 வரை ஏறக்குறைய அறுபது லட்சம் கறுப்பினத்தவர் தெற்கை விட்டு வெளியேறினார்கள், காரணம் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கோடையில் பிள்ளைகளை ரயிலேற்றிப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். எம்மட் டிலும் அப்படி வந்தவன்தான். ஹோம்கமிங் ஞாயிறும் குடும்பச் சந்திப்பும் கறுப்பினக் குடும்பங்களில்தான் இன்றும் மிகவும் உயிரோடு இருக்கின்றன. 1970களிலிருந்து வடக்கே போனவர்களைவிடத் தெற்குக்குத் திரும்புகிறவர்கள் அதிகம். பாட்டியின் தாழ்வாரம் வேண்டும், அந்த ஊர்ப் போலீஸ் தலைவரான ஷெரீப் வேண்டாம் என்பதில் முரண்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எப்படி முடிந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1892-இல் மெக்சிகோவிலிருந்து டெக்சாஸுக்குள் வந்த பருத்திக் கூன்வண்டு மெல்ல மெல்லக் கிழக்கே தின்றுகொண்டு போனது. 1933-இல் விளைச்சலைக் குறைக்க அரசு பணம் கொடுத்தது, பல நிலக்காரர்கள் பணத்தை வைத்துக்கொண்டு வாரக் குடிகளை வெளியேற்றினார்கள். 1944-இல் மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் பக்கத்து ஹாப்சன் தோட்டத்தில் விதைப்பிலிருந்து அறுவடை வரை முழுக்க இயந்திரத்தாலேயே பருத்தி விளைவித்துக் காட்டினார்கள். ஓர் எடுப்பு இயந்திரம் ஐம்பது பேர் வேலையைச் செய்தது. 1960கள் முடியும்போது கையால் பஞ்சு எடுப்பது ஏறக்குறைய இல்லாமல் போனது. கொடிய வேலை ஒழிந்தது, ரொம்ப நல்லது, ஆனால் அதோடு சேர்ந்து ஜூலை கடைசியில் ஊருக்கே பொதுவாக வந்த ஓய்வும் போனது. அலுவலகமும் தொழிற்சாலையும் ஆளுக்கு ஒரு லீவு கொடுக்கின்றன.

மிச்சம் இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு இடம் சொல்கிறேன். மிசிசிப்பியின் நெஷோபா கவுண்டிச் சந்தை (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி), 1889-இலிருந்து நடக்கிறது. வைத்திருப்பது அதே பருத்தி ஓய்வுக் காலத்தில், ஜூலை கடைசியில். பந்தயத் திடலைச் சுற்றி சுமார் அறுநூறு மரக் குடில்கள், தலைமுறை தலைமுறையாக ஒவ்வொரு குடும்பத்துடையது, ஒவ்வொன்றுக்கும் முன்னால் தாழ்வாரம், ஒரு வாரம் அங்கேயே குடியிருந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சாப்பாடு போடுவார்கள். இதே கவுண்டியில்தான் 1964 ஜூனில் வாக்குரிமைக்காக வேலை செய்த சேனி, குட்மேன், ஷ்வெர்னர் மூவரையும் கொன்று மண் அணைக்குள் புதைத்தார்கள். போனால் இரண்டையும் தெரிந்துகொண்டு போங்கள்.

என் விருப்பம் இரண்டாவது இடம்: வடக்கு அலபாமாவின் சாண்ட் மவுண்டன் பக்கத்துச் சிறு தேவாலயங்களில் நடக்கும் ‘சேக்ரட் ஹார்ப்’ பாட்டுக் கூட்டம். ‘சேக்ரட் ஹார்ப்’ என்பது 1844-இல் வெளியான பக்திப் பாட்டுப் புத்தகம், திருத்தித் திருத்தி இன்றும் அதையே பாடுகிறார்கள். நாலு பக்கமும் பெஞ்சு போட்டு ஒருவரை ஒருவர் பார்த்தபடி உட்காருவார்கள், கேட்பவர் என்று தனியாக யாரும் கிடையாது. ஒவ்வொரு பாட்டையும் முதலில் பா, ஸோல், லா என்று ஸ்வரமாகப் பாடிவிட்டு அப்புறம் வார்த்தைகளைப் பாடுவார்கள், நம் ஊரில் கீதம் சொல்லிக் கொடுப்பது போல. காலை ஒன்பது, பத்து மணிக்கு ஆரம்பித்து மதியம் மரத்தடிப் பந்திக்கு நிறுத்தி, மறுபடி இரண்டு மூன்று மணி வரை போகும். அழைப்பிதழ் வேண்டாம், மதம் கேட்க மாட்டார்கள், புத்தகம் இல்லாவிட்டால் கையில் ஒன்று கொடுப்பார்கள். காலையிலேயே போய்விடுங்கள், குரல் வராது என்று பின் பெஞ்சில் ஒதுங்காமல் நடுவில் உட்காருங்கள், மதியச் சாப்பாட்டில் தட்டைப்பயறு இருந்தால் மக்காச்சோள ரொட்டியோடு சேர்த்துச் சாப்பிடுங்கள்.